தடுமாறும் சோதனை: ‘ஃபிளேக்கி டெஸ்ட்’ சொல் விளக்கம்

மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட். காலையில் ஓட்டினால் பச்சை (தேறியது), மதியம் ஓட்டினால் சிவப்பு (தோற்றது). நடுவில் ஒரு வரியைக்கூட யாரும் தொடவில்லை. இப்படி, கோடு (நிரல்) மாறாமலே முடிவு மட்டும் மாறும் டெஸ்ட்தான் ஃபிளேக்கி டெஸ்ட். எப்போதும் தோற்கும் டெஸ்ட் இதில் சேராது.

ஆங்கிலத்தில் ‘ஃபிளேக்’ என்றால் செதில், பொருக்கு. பொருக்குப் பொருக்காக உதிர்வது ‘ஃபிளேக்கி’. அமெரிக்கப் பேச்சு வழக்கில், நம்பி ஒரு வேலையை ஒப்படைக்க முடியாத ஆளையும் அப்படிச் சொன்னார்கள். மென்பொருளுக்குள் வந்தது அந்தப் பொருள்தான். ஆகவே செதிலைப் பிடித்துக்கொண்டு தமிழாக்கினால் தடம் மாறிவிடும்.

‘நிலையற்ற சோதனை’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பில்டையும் (கோடைத் தொகுத்து மென்பொருளாக்கும் வேலை) டெஸ்ட்டையும் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் கருவியில் ‘அன்ஸ்டேபிள்’ (நிலையற்றது) என்றால் பில்டு முடிந்தும் சில டெஸ்ட்கள் தோற்றிருக்கின்றன என்று பொருள், இரண்டும் குழம்பும். ‘தடுமாறும் சோதனை’ என்பதே சரியான சொல் என்பேன். தொல்காப்பியத்தில் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று ஓர் இலக்கணக் குறியீடு உண்டு. அதற்கு உரைகளில் வரும் எடுத்துக்காட்டு ‘புலிகொல் யானை’. கொன்றது புலியா, யானையா? அந்தத் தொடரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். நம் டெஸ்ட்டின் சிவப்பும் அப்படித்தான். பிழை கோடில் இருக்கிறதா, சூழலில் இருக்கிறதா என்று அந்த ஒற்றைச் சிவப்பு சொல்லாது.

பாளையங்கோட்டையோ கங்கைகொண்டானோ, எந்த அலுவலகத்திலும் காதில் விழும் பேச்சு இது: “இன்னொரு மட்டம் ஓட்டுங்க அண்ணாச்சி, பச்சை ஆயிரும்.” ஆகத்தான் செய்யும். ஆனால் முதலில் வந்த சிவப்பு பதிவில்லாமல் போய்விடுகிறது. தடுமாற்றம் கண்டறிதல் என்பதே அந்த முதல் சிவப்பைக் காப்பாற்றி வைப்பதுதான். ஜாவா டெஸ்ட்களை ஓட்டும் மேவன் ஷ்யூர்ஃபயரில் தோற்ற டெஸ்ட்டை மறுபடி ஓட்டும் அமைப்பைப் போட்டால், பிறகு தேறியதை ‘ஃபிளேக்’ என்று தனியே காட்டும், வலைப்பக்கங்களைச் சோதிக்கும் பிளேரைட்டும் அப்படியே. பைத்தான் டெஸ்ட்களை ஓட்டும் பைட்டெஸ்ட்டுக்கு இதற்கென ஒரு பிளகின் (கூடுதல் இணைப்பு) இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கமிட் (கோடில் பதிவான ஒரு மாற்றம்) எண், டெஸ்ட் பெயர், முடிவு, நேரம், ஓடிய இயந்திரம் ஆகியவற்றை டெஸ்ட் முடிவுகள் எழுதப்படும் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் கோப்போடு சேமித்து வையுங்கள். ஒரே கமிட்டில் இரண்டு முடிவும் வந்த டெஸ்ட்டைத் தேடி எடுப்பது அதன்பின் ஒரு சின்ன வினவல்.

உடனே மறுபடி ஓட்டுவது மட்டும் ஏன் போதாது? சிஐ சர்வர்கள் (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டுபவை) பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நம் மென்பொருள் போடும் பில்லில் இந்திய நேரப்படி தேதி விழுகிறது, டெஸ்ட்டோ சர்வரின் தேதியோடு ஒப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு முதல் விடிகாலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். இரவு 2 மணி பில்டில் இந்த டெஸ்ட்டை எத்தனை முறை ஓட்டினாலும் சிவப்பு, காலை 10 மணிக்கு அதே கமிட் பச்சை. மறு ஓட்டத்தில் இது சிக்கவே சிக்காது. பல நேரங்களின் பதிவைச் சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கும். அதனால் மெயின் பிராஞ்சை (எல்லாருடைய மாற்றமும் வந்து சேரும் முதன்மைக் கோடு) வெவ்வேறு நேரங்களில், டெஸ்ட் வரிசையையும் கலைத்துப்போட்டு ஓட்டச் சொல்கிறேன்.

வரிசையைக் கலைப்பதற்குக் காரணம் உண்டு. அப்பாச்சி அமைப்பின் திறமூல மென்பொருள் திட்டங்களை வைத்து 2014-ல் வந்த ஆய்வு, தடுமாறும் டெஸ்ட்களுக்காகச் செய்த திருத்தங்களில் வகைப்படுத்திய 161-ல் ஏறத்தாழ 45 விழுக்காட்டுக்குக் காரணம் பதில் வரும்வரை சரியாகக் காத்திராதது என்றது. ஒரே நேரத்தில் ஓடும் திரெட்களின் (நிரலின் இணை ஓட்டங்கள்) மோதல் 20 விழுக்காடு, டெஸ்ட் வரிசைச் சார்பு, அதாவது எது முதலில் ஓடியது என்பதைப் பொறுத்து முடிவு மாறுவது, 12 விழுக்காடு. திரெட் மோதல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அது டெஸ்ட்டின் கோளாறாக இல்லாமல், வாடிக்கையாளர் கையில் வெடிக்கப்போகும் நிஜப் பிழையாகவே இருக்கலாம்.

இதோடு வரும் இன்னொரு சொல் ‘குவாரண்டைன்’, தடுமாறும் டெஸ்ட்டைத் தனியே ஒதுக்கி வைப்பது. தமிழில் ‘ஒதுக்கப் பட்டியல்’ போதும். அதில் ஏறும் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் கெடுத் தேதியும் இருக்க வேண்டும். ஒதுக்கிய டெஸ்ட்டும் தினமும் ஓடித்தான் ஆக வேண்டும். அதன் முடிவு மெர்ஜை (புதுக் கோடை மெயின் பிராஞ்சில் சேர்ப்பதை) தடுக்காது, அவ்வளவே.