செயற்கைப் புல்லுக்கு அடியில் ஒரு தொட்டி

கொல்லைப்புறத்தில் செயற்கைப் புல் விரித்துப் போட்ட ஆடுகளத்தில் கோளாறு இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகுதான் தெரியும். இந்த மூலையில் தட்டினால் முழங்கால் உயரம் எழும்பும் பந்து, அந்த மூலையில் சொத்தென்று படுத்துவிடும். காலை வைத்தால் புல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் பிதுங்கும். உடனே புல்விரிப்பைத்தான் திட்டுவோம். அது பாவம், முதுகெல்லாம் துளை வைத்து வந்த தண்ணீரைக் கீழே அனுப்பிவிட்டது. கீழே வாங்கிக்கொள்ள ஆளில்லை.

கொல்லைப்புறம் களிமண்ணாக இருந்தால் ஆடுகளம் போடுவதில் புல் ஒட்டும் வேலை கடைசிச் சில்லறை வேலை. கதை முழுக்க மண்ணில் இருக்கிறது.

களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. மணலைப் போல உருண்டையாக இல்லாமல் தட்டையான தகடாக இருக்கும். தகட்டின் முகத்தில் எதிர்மின்சுமை உண்டு. அதனால் நேர்மின் அயனிகளும், அவற்றோடு தண்ணீர் மூலக்கூறுகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மான்ட்மோரிலோனைட் என்ற வகையில் தகடுகளின் இடுக்குக்குள்ளேயே தண்ணீர் நுழைந்துவிடும். இந்த வகையில் ஒரு கிராம் மண்ணின் தகட்டுப் பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 700 சதுர மீட்டர் வரை வரும். டென்னிஸ் களம் 261 சதுர மீட்டர்தான். சிட்டிகை மண்ணுக்குள் இரண்டரைக் களம்! அத்தனை இடுக்கிலும் தண்ணீர் புகுந்தால் மண் உப்பாமல் என்ன செய்யும்? காய்ந்தால் அதே மண் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கயோலினைட் வகை இவ்வளவு ஆட்டம் போடாது. கோடையில் தரை பாளம் பாளமாக வெடிக்கிறதா என்று பார்த்தாலே உங்களிடம் இருப்பது சாதுவா, முரடா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. களிமண்ணில் துகள்களுக்கு நடுவே காலியிடம் மணலைவிடப் பெரும்பாலும் அதிகம். ஆனாலும் தண்ணீர் இறங்காது. காரணம், அந்த இடுக்குகள் மிக நுண்ணியவை. ஒரு நுண்குழாயில் நீரோட்டம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது: விட்டம் பாதியானால் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிவிடும். மணலில் மணிக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும் தண்ணீர், இறுகிய களிமண்ணில் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் இறங்கினால் பெரிது.

இப்போது 10 மீட்டருக்கு 6 மீட்டர் களம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி ஜல்லி நிரப்புகிறோம். தூள் கலக்காத ஜல்லியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் காலியிடம். அதாவது 5 சென்டிமீட்டர் தண்ணீருக்கு இடம். ஒரு நல்ல மழை பெய்தால் 5 சென்டிமீட்டர், 3,000 லிட்டர். குழி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. களிமண் வழியாக மட்டுமே அது வடிய வேண்டுமென்றால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். மறுவாரமே அடுத்த மழை வந்து நிற்கும். ஆடுகளம் என்று நினைத்து நாம் கட்டியது ஒரு தொட்டி. உயிருள்ள புல்லாவது வேரால் உறிஞ்சி இலை வழியாகக் காற்றில் விடும். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. (செயற்கைப் புல் புகழ்பெற்றது 1966-இல், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில். அது கூரை போட்ட அரங்கம். மழையைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை.)

தொட்டிக்கு வாய் வைக்க வேண்டும். மேல்பரப்பில் மட்டும் வாட்டம் கொடுத்துவிட்டு அடியில் களிமண்ணை மட்டமாக விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தண்ணீர் ஓடப்போவது ஜல்லிக்கு அடியில், களிமண்ணின் முதுகில். அங்கேதான் 1 சதவீத வாட்டம் வேண்டும்: 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். தாழ்ந்த ஓரத்தில் ஒரு பள்ளம், அதில் துளையிட்ட குழாய், துளைகள் கீழே பார்த்தபடி. பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். தண்ணீர் அடியிலிருந்து மட்டம் ஏறித்தான் குழாய்க்குள் வருகிறது. துளை மேலே இருந்தால் பள்ளம் நிறைந்த பிறகுதான் வடிய ஆரம்பிக்கும்.

சொதசொதவென்று ஈரமாக இருக்கும்போது களிமண்ணைத் தொடவே கூடாது. சேறாக மிதிபட்ட மண்ணில் இருக்கிற கொஞ்ச நஞ்ச வழியும் அடைபட்டுப்போகும். நெல் வயலில் தண்ணீர் நிற்கச் சேறடிப்பது இதற்காகத்தான். ஜல்லி கொட்டும் முன் களிமண்ணை இடித்து இறுக்க வேண்டும்; எலும்பாகக் காய்ந்திருந்தாலும் அது இறுகாது. ஒவ்வொரு மண்ணுக்கும் நன்றாக இறுகுகிற ஓர் ஈரப்பதம் உண்டு என்பதை 1933-இலேயே புராக்டர் என்ற பொறியாளர் காட்டிவிட்டார். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் பசை ஒட்டக் கூடாது. கிட்டத்தட்ட அதுதான் பதம். இன்னொன்று, அதிரும் தட்டு எந்திரம் ஜல்லிக்குத்தான் ஏற்றது. துகளோடு துகள் ஒட்டிக்கிடக்கும் களிமண் அதிர்வுக்கு மசியாது. திமிசு போல ஓங்கி இடிக்கும் கருவி வேண்டும்.

களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பதைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். ஊறிய களிமண்ணில் ஒரு ஜல்லியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் உள்ளே போகும், பக்கத்தில் சேறு மேலே வரும். ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு காலடியிலும் இதுதான் நடக்கிறது. சில ஆண்டுகளில் ஜல்லியின் இடுக்குகளைச் சேறு அடைத்துவிடும். துணி தண்ணீரை விடும், கல்லையும் மண்ணையும் கலக்க விடாது.

இவ்வளவு செய்தும் களம் நெளிகிறதென்றால் ஈரம் ஒரே சீராக இல்லை என்று பொருள். நடுவே மண் ஈரமாகவே இருக்க, ஓரங்கள் வெயிலில் காய்ந்து தாழும். பெரிய மரம் பக்கத்தில் இருந்தால் வேர் உறிஞ்சும் பக்கம் இறங்கும். கூரைத் தண்ணீர் கொட்டும் பக்கம் உப்பும். அந்தக் கூரைக் குழாயைத் திருப்பிவிடுவது இருப்பதிலேயே மலிவான சிகிச்சை. மண் ரொம்ப முரடு என்றால் எடையில் 3 முதல் 6 சதவீதம் வரை சுண்ணாம்பு கலக்கலாம். அதிலுள்ள கால்சியம் தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியேற்றி உப்பலைக் குறைக்கும்.

ஜல்லியை இடித்து ரசமட்டம் பார்த்து முடித்ததும், உயர்ந்த ஓரத்தில் ஹோஸைத் திறந்துவிட்டு, குழாயின் வெளிவாயில் போய் நில்லுங்கள். அங்கே தண்ணீர் வரும்வரை புல்விரிப்பு சுருட்டியபடியே கிடக்கட்டும்.