புரொமோவில் அந்த வெள்ளை ஃப்ரேம்

சீரியல் புரொமோ வெட்டுகிறவர்களுக்கு இந்த மூன்று ஷாட் மனப்பாடம். மாமியார் முகம், மருமகள் முகம், மறுபடி மாமியார் முகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜூம், இரண்டு ஜூமுக்கு நடுவே திரை முழுக்க வெள்ளை ஃபிளாஷ், கூடவே ஒரு 'டம்'. ரியாலிட்டி ஷோ என்றால் கேட்கவே வேண்டாம், டைட்டில் விழுவதற்கு முன்னால் ஒரு நொடி ஸ்ட்ரோப், அதாவது படபடவென்று விட்டுவிட்டு அடிக்கும் ஃபிளாஷ். "பஞ்ச் பத்தலை" என்று சேனலிலிருந்து ஃபோன் வந்தால் பெரும்பாலும் எடிட்டர் கை போவது அந்த ஃபிளாஷுக்குத்தான். ஷாட் மாற்றத்துக்கான ரெடிமேட் எஃபெக்ட் தொகுப்பில் (டிரான்சிஷன் பேக்) கிடக்கிறது, இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

சரி, அந்த ஒரு நொடியைப் பிரித்துப் பார்ப்போம். நம் டிவிக்கு நொடிக்கு 25 ஃப்ரேம். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கினால் நொடிக்குப் பன்னிரண்டரை ஃபிளாஷ். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஓர் எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடித்ததும் கிட்டத்தட்ட இதே வேகத்தில்தான். சில நொடிகள்தான் ஓடியது. 600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பலருக்கு வலிப்பு. அதே காட்சியைச் செய்தியில் திரும்பப் போட்டு இன்னும் சிலரைப் படுக்கவைத்த கூத்தும் நடந்தது! 2007-இல் லண்டன் ஒலிம்பிக் லோகோவை அறிமுகப்படுத்திய அனிமேஷனிலும், நீச்சல் குளத்தில் ஒருவர் பாயும் துண்டு இதே புகாரால்தான் நீக்கப்பட்டது.

வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு ஒளி துடிப்பதே வலிப்பைக் கிளப்பிவிடும். பிள்ளைகளிடமும் பதின்ம வயதினரிடமும்தான் இது அதிகம், முதல் தடவை வரும்வரை தனக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. படத்துக்கோ நிகழ்ச்சிக்கோ முன்னால் எச்சரிக்கை போடலாம், வேண்டாம் என்பவர்கள் சேனலை மாற்றிக்கொள்வார்கள். புரொமோவுக்கு அந்த வழி கிடையாது, விளம்பர இடைவேளையில் கேட்காமலே வந்து நிற்கும், அதுவும் ஒரே நாளில் திரும்பத் திரும்ப. தடுப்பதென்றால் எடிட் டேபிளிலேயே தடுத்தாக வேண்டும்.

பிரிட்டனில் இதற்கு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வழிகாட்டுதல் இருக்கிறது, வீடியோவில் இப்படி ஆபத்தான ஃபிளாஷ் இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்டிங் டெஸ்ட் என்ற மென்பொருள் சோதனையும் இருக்கிறது. திரையில் கால் பங்குக்கு மேல் பரவும் ஃபிளாஷ் நொடிக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. அடர் சிவப்பு துடிப்பது தனி ஆபத்து. டைம்லைனில் நினைவு வைக்க எளிதான கணக்கு: ஒரு ஃபிளாஷ் தொடங்கி அடுத்தது தொடங்க குறைந்தது 9 ஃப்ரேம் இடைவெளி. அப்புறம், டைட்டிலுக்குப் பின்னால் சுழலவிடுகிறோமே சூரியக் கதிர் மாதிரி கோடுகள், அதுவும் இந்தக் கணக்கில் வரும். திரையை நிறைத்து, பளிச்சென்ற வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் ஓடினால் மூளைக்கு அதுவும் ஃபிளாஷ் மாதிரிதான்.

பஞ்ச் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அந்த மாமியார் ஷாட்டையே எடுங்கள். வெள்ளை ஃப்ரேமைத் தூக்கிவிட்டு, படத்தின் அளவை (ஸ்கேல்) 100 சதவீதத்திலிருந்து 112-க்கு நாலே ஃப்ரேமில் தள்ளி, கடைசியில் வேகம் மெல்லக் குறைகிற மாதிரி நன்றாக ஈஸ் கொடுத்து, முகத்தை ஒரு ஆறு ஃப்ரேம் அப்படியே உறையவிட்டு, 'டம்' சத்தத்தைச் சரியாக அந்த நிறுத்தத்தில் வைத்துப் பாருங்கள். ஃபிளாஷ் இருந்ததை விட கனமாக விழும், ஏனென்றால் அடி கொடுப்பதில் முக்கால்வாசி வேலை சத்தத்துடையது. வெளிச்சம் வேண்டியே தீரும் என்று சேனல் பிடிவாதம் பிடித்தால், முழு வெள்ளைக்குப் பதில் திரையின் ஒரு ஓரத்தில் மங்கலான லைட் லீக், அதாவது வெளிச்சம் கசிகிற மாதிரி ஓர் எஃபெக்ட் போதும்.

வீட்டில் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றால் அறை விளக்கைப் போட்டு, டிவியிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். திரை படபடவென்று அடித்து, ஒரு மாதிரி இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், இரண்டு கண்ணையும் இறுக மூடுவதை விட ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் பலன் தரும். அடிக்கடி இப்படி ஆனால் நரம்பியல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.