உள்ளங்கையில் விழும் மியூவான்

"எல்லாமே சார்புடையதுதான் என்று ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டாரே, அப்புறம் சரி, தவறு என்று எதை வைத்துச் சொல்வது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டிமன்ற மேடைகளிலும் இதே வாதத்தைக் கேட்டிருக்கிறேன். ஐன்ஸ்டைன் அப்படிச் சொல்லவே இல்லை.

பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் நகர்வதுபோலத் தோன்றுமே, அந்தச் சார்பு கலிலியோ காலத்திலேயே தெரிந்ததுதான். யார் அளந்தாலும் ஒளியின் வேகம் மாறாது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் எடுத்துக்கொண்டார். அது மாறாது என்றால், நேரமும் நீளமும் ஆளுக்கு ஆள் மாறியே ஆகவேண்டும்.

இப்போது உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து வையுங்கள். நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. எலெக்ட்ரானின் உறவுக்காரத் துகள் இது, எடை மட்டும் 207 மடங்கு. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால், சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கலாம். அப்படியானால் பெரும்பாலானவை மேலேயே அழிந்திருக்க வேண்டும். ஆனாலும் வந்து சேர்கின்றன!

ஒளியின் வேகத்தில் 99.9 சதவீதத்தோடு வரும் மியூவானின் கடிகாரம், நாம் பார்க்கையில், 22 மடங்கு மெதுவாக ஓடுகிறது. அதனால் ஆயுள் நீண்டு, கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் வந்துவிடுகிறது. சரி, மியூவானோடு சேர்ந்து பயணித்தால்? அதன் கடிகாரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, ஆயுள் அதே 2.2 மைக்ரோநொடிதான். ஆனால் எதிரே பாய்ந்து வரும் காற்று மண்டலம் 670 மீட்டராகச் சுருங்கிக் கிடக்கிறது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காத இடம் இது. நேரம் நீண்டது என்கிறோம் நாம், தூரம் சுருங்கியது என்கிறது அது. கையில் விழுந்ததா என்று கேட்டால் மட்டும் இரு தரப்பும் 'விழுந்தது' என்றே சொல்லும். கணிதவியலர் ஃபெலிக்ஸ் கிளைன், ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டுக்கு 'மாறாதவற்றின் கோட்பாடு' என்ற பெயரையே விரும்பினார். அந்தப் பெயர் நிலைத்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

வெறும் காகிதக் கணக்கல்ல இது. கொலராடோவில் எக்கோ ஏரியிலும் அதைவிடத் தாழ்வான டென்வரிலும் மியூவான்களை எண்ணிய புருனோ ராஸியும் டேவிட் ஹாலும், வேகம் கூடியவை மெதுவாகவே அழிகின்றன என்று 1941-இல் காட்டினார்கள்.

நம் ஊட்டியிலும் எண்ணுகிறார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில், கான்கிரீட் பாளங்களுக்கு அடியில், ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712 அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மியூவான் உள்ளே நுழைந்தால் குழாயில் ஒரு மின்துடிப்பு. இதனால் என்ன லாபம் என்று கேட்டு இத்தகைய ஆய்வுகளின் நிதியில் கை வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 2014 டிசம்பர் 1 அன்று அந்தக் குழாய்களுக்கு மேலே ஓர் இடிமேகம் கடந்தது. மியூவான் எண்ணிக்கை சற்றே குறைந்தது. அந்தக் குறைவை வைத்து மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தத்தைக் கணக்கிட்டார்கள்: 130 கோடி வோல்ட்.