அவுட் ஆன பிள்ளையைத் திட்டாதீர்கள்

பேஸ்பால் பயிற்சியாளராக இருக்கிறேன். போன மாதம் ஓர் ஆட்டத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் இரண்டாம் பேஸைத் திருட ஓடி அவுட் ஆனான். பேட்டர் அடிக்கும்வரை காத்திருக்காமல், பிட்சர் (பந்து எறிபவர்) எறியும் நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப்போய்ச் சேர்வதைத்தான் திருடுவது என்கிறோம். "உன்னை யார் ஓடச் சொன்னது?" என்று வேலிக்கு வெளியே இருந்து அவன் அப்பா கத்தினார். சைகை காட்டியது நான்தான். அவன் மறுபடி முதல் பேஸுக்கு வந்தபோது பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையிலிருந்து பந்து நழுவித் தூரமாக உருண்டது. அப்போதும் அவனுக்குக் கால் எழவில்லை.

2004 அக்டோபர் 17, பாஸ்டனின் ஃபென்வே பார்க். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் முதல் மூன்று ஆட்டங்களையும் நியூயார்க் அணியான யாங்கீஸிடம் தோற்றிருந்த பாஸ்டன் அணி ரெட் சாக்ஸ், நான்காவதிலும் 4-3 என்று பின்தங்கியிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் பேஸுக்கு மாற்று ஓட்டக்காரராக டேவ் ராபர்ட்ஸ் வந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். பிட்சர் மரியானோ ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கே எறிந்து அவரை அங்கேயே திரும்ப வைத்தார். அப்புறம் பேட்டருக்குப் போட்ட முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் பாய்ந்தார். கேட்சரின் எறியும் நன்றாகத்தான் வந்தது. மயிரிழையில் ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டுவிட்டது. அதே பேட்டரின் அடியில் அவர் ஓடி வந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். ரெட் சாக்ஸ் அன்றும் வென்றது, அடுத்த மூன்றையும் வென்றது. 1918க்குப் பிறகு முதல் உலகத் தொடர் கோப்பையும் அந்த ஆண்டுதான் கிடைத்தது.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. பெரியவர்கள் ஆட்டத்தில் பிட்சர் எறிய அசைந்ததிலிருந்து பந்து கேட்சருக்குப் போக ஏறக்குறைய 1.3 வினாடி, அங்கிருந்து இரண்டாம் பேஸுக்கு 2 வினாடி. இந்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கால் வேகத்தைவிடக் கண் முக்கியம். வலக்கைப் பிட்சரின் வலது குதிகால் முதலில் எழுந்தால் முதல் பேஸுக்கு எறியப் போகிறான், திரும்பிவிடு; இடது கால் முதலில் எழுந்தால் பேட்டருக்குப் போடுகிறான், ஓடு என்று சொல்லித் தருகிறேன். தலையை முன்னால் நீட்டிப் பாய்வதைப் பிள்ளைகளுக்கு நான் கற்றுத் தருவதில்லை. விரலும் மணிக்கட்டும் போய்விடும். கால் முன்னால் சறுக்கினால் போதும்.

சரி, அவுட் ஆனால்? 1982இல் அமெரிக்க ஆட்டக்காரர் ரிக்கி ஹென்டர்சன் 130 பேஸ்களைத் திருடினார். அதே ஆண்டு 42 முறை பிடிபட்டார். ஏறக்குறைய நான்கில் மூன்று தேறினால் அணிக்கு நஷ்டமில்லை. அந்த நான்காவது ஓட்டத்துக்குத் திட்டு விழுந்தால் மற்ற மூன்றும் நமக்குக் கிடைக்காது. பெற்றோர்களே, வேலியோரம் நிற்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனின் கையில் இப்போது ஸ்டாப்வாட்சைக் கொடுத்திருக்கிறேன். நேற்று எதிரணிப் பிட்சரை நான்கு பந்துகள் அளந்துவிட்டு, "1.6 கோச், இவனிடம் ஓடலாம்" என்றான்.