கையெழுத்துப் போட்டபிறகு என்னிடம் வராதீர்கள்

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருக்கும் என்னிடம் போன கிழமையும் ஒரு பெடியன் வந்தான். சொந்தமாக எழுதி, தானே மெட்டமைத்து, கிற்றாரைக் கரகரக்க வைத்துத் தமிழில் அல்ரர்நேற்றிவ் றொக் பாடுகிறவன். தன் பாட்டைத் தன் யூடியூப்பில் ஏற்றியிருக்கிறான். மறுநாளே பதிப்புரிமை உரிமைகோரல் என்று அறிவித்தல். கோரியது, ஒலிப்பதிவுக்குக் காசு போட்ட ரொறன்ரோ நிறுவனம்.

"நான்தானே சேர் எழுதினது?"

போனை வாங்கி ஒப்பந்தத்தைப் பார்த்தேன். 11 பக்கம், எல்லாம் ஆங்கிலம். நாலாம் பக்கத்தில், உலகம் முழுவதற்கும், எக்காலத்துக்கும், மீளப்பெற முடியாதபடி பாட்டை வைத்துக் காசு பார்க்கும் எல்லாப் பொருளாதார உரிமைகளையும் கையளித்திருக்கிறான். இனி எழுதப்போகும் பாட்டுகளிலும் முதல் உரிமை அவர்களுக்கு. பிணக்கென்றால் ஒன்ராறியோ நீதிமன்றம். கடைசிப் பக்கத்தில் விரலால் கீறிய கோணல் கையெழுத்து. வாசித்தாயா என்று கேட்டால், "அண்ணை எங்கட ஊர் ஆள்தானே சேர்" என்கிறான்.

ஊர் ஆள்தான், நல்ல மனுசனாகவும் இருக்கலாம். நாளைக்கு அவர் நிறுவனத்தை விற்றால் வாங்குகிறவருக்கு அந்த ஊரும் தெரியாது, இந்தப் பெடியனையும் தெரியாது. கையில் இருப்பது அந்த 11 பக்கம் மட்டுந்தான்.

சரி, அதைவிட என்னைக் கடுப்பேற்றுவது வேறொரு கேள்வி: "சேர், பாட்டை ரெஜிஸ்டர் பண்ண எவ்வளவு காசு முடியும்?" உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்தால்தான் சொத்து என்று பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். பாட்டு காணியல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டை ஆக்கியதுமே பதிப்புரிமை ஆக்கியவருக்கு வந்துவிடுகிறது. பதிவும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறியைப் பதியும், புதுக் கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமையைப் பதியும். பாட்டுக்கு அங்கே பதிவே கிடையாது. பதிந்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தன் விலாசத்துக்கே பதிவுத் தபால் அனுப்பி, உடைக்காமல் அலுமாரியில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். உரிமை அந்தத் தபாலால் வருவதில்லை. எப்போது எழுதியது என்று காட்டத்தான் வேண்டுமென்றால், போனில் முதன்முதல் முணுமுணுத்துப் பதிந்த வொய்ஸ் நோட், மெட்டு மாறமாற நண்பனுக்கு அனுப்பிய வட்ஸ்அப், ஸ்ரூடியோவின் புரொஜெக்ட் கோப்பு எல்லாவற்றிலும் திகதி இருக்கிறது. போன் நிறைந்துவிட்டது என்று அவற்றை அழித்துப்போடாதீர்கள்.

இந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் இருக்கிறது. பதிவதற்கு அலைகிற அலைச்சலில் கால்வாசியாவது, இருப்பதை எழுதிக்கொடுக்கும் முன் வாசிப்பதில் காட்டக்கூடாதா?

எழுத்து வேண்டியது கொடுக்கும்போதுதான். உரிமையைக் கையளிப்பதானாலும் பயன்படுத்த அனுமதிப்பதானாலும் இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆகவே "என்ர ஸ்ரூடியோவிலதானே பதிஞ்சது" என்று ஒருவர் சொல்வதால் பாட்டு அவருடையதாகிவிடாது. அமெரிக்க றொக் குழுவான நிர்வானாவின் 1993 இசைத்தொகுப்பை ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் அல்பினி, விற்பனையில் பங்காக வரும் ரோயல்டி வேண்டாம், செய்த வேலைக்குக் கூலி போதும் என்று நின்றவர். எங்கள் ஸ்ரூடியோக்காரர் சிலருக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஆசை. ஆனால் கவனம்: பாட்டின் உரிமை வேறு, அதன் ஒலிப்பதிவின் உரிமை வேறு. ஒலிப்பதிவு யாருக்கு என்பதைப் பதியத் தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

விரலால் கீறினது கையெழுத்தா என்றும் கேட்கிறார்கள். போனில் போட்டது என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இருக்கிறது.

கலியாண வீட்டுக்கும் திருவிழா மேடைக்கும் இந்த இசையை எவரும் கூப்பிடுவதில்லை. பத்து வருடம் பாடினாலும் இவர்களுக்குக் கைமுதல் என்று மிஞ்சுவது எழுதிய பாட்டுகள்தான். அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

வெளிநாட்டுக் காசு வாங்குவது பிழையில்லை, வாங்குங்கள். உரிமையைக் கையளிக்காமல் அனுமதி மட்டும் கொடுங்கள்: எந்தப் பாட்டு, எத்தனை வருடம், போட்ட காசு எப்படித் திரும்பும், மிச்சம் எப்படிப் பங்கு. "எக்காலத்துக்கும்" என்ற இடத்தில் மூன்றோ ஐந்தோ வருடம் போடச் சொல்லுங்கள். உங்கள் பெயரைப் போடச் சொல்லும் உரிமை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவர் கைக்கு மாறாது, ஆனால் அதை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி நைசாக வரும், தேடிப் பாருங்கள். ஸ்பொட்டிஃபைக்கு அனுப்பும் விநியோகக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், காசெடுக்க லேசென்று லண்டன் மச்சானின் பெயரில் வேண்டாம். இசைக்குழுவாக எழுதினால், ஒலிப்பதிவு நாளன்றே ஒரு தாளில் வரிகள் யார், மெட்டு யார், ஆளுக்கு எத்தனை வீதம் என்று எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். டிரம்ஸ் அடித்தவன் கனடா போனபிறகு இந்தக் கணக்கைப் பேச வெளிக்கிட்டால் நட்பும் போகும்.

இலங்கையிலேயே வழக்குப் போடுவதென்றாலும் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். தவணைக்குத் தவணை யாழ்தேவி ஏற யாரிடம் காசிருக்கிறது? தயவுசெய்து ஒப்பமிடும் முன் கொண்டுவாருங்கள். என்னிடம்தான் வரவேண்டும் என்றில்லை. கட்டணம் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். போகும்போது முழு ஒப்பந்தத்தையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள், கடைசிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் காட்டவேண்டாம்.