புல்வெளி வந்ததும் பிரேக்கை விட்டுவிடாதீர்கள்

எலும்பு மருத்துவராக, மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டி விழுந்தவர்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். எங்கே விழுந்தீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பேன். பாறையும் வேருமாகக் கிடக்கிற செங்குத்தான காட்டு இறக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் "அதையெல்லாம் நல்லாத் தாண்டிட்டேன் டாக்டர், புல்வெளிக்கு வந்தப்புறம்தான்..." என்று இழுப்பவர்கள்தான் என்னிடம் அதிகம்.

இதற்குக் காரணம் கையில் இருக்கிறது. காட்டு இறக்கம் முழுக்க ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, விரலைப் பிரேக்கிலேயே வைத்து வந்தால் முன்கைத் தசை விறைத்துப்போய்ப் பிடி தளர்ந்துவிடும். 2,500 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் என்பதால் களைப்பும் சீக்கிரம் வரும். அந்த நிலையில் மரங்கள் விலகி, பச்சைப் பசேலென்று வெளி விரிந்ததும் மனசு லேசாகிறது, கை பிரேக்கை விடுகிறது, வேகம் சட்டென்று ஏறுகிறது. புல்லுக்கு அடியில் எலி வளையோ, மழைநீர் அரித்த பள்ளமோ, ஒரு கல்லோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. முன்சக்கரம் அதில் இறங்கினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்துபோய் விழுவார். காட்டுக்குள் மெதுவாகச் சரிந்து விழுவதும் இதுவும் ஒன்றல்ல.

அதனால் காடு முடியும் இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கையை உதறுங்கள், தண்ணீர் குடியுங்கள். பிரேக்கும் ஆறட்டும். இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிஸ்க் கொதித்துப்போகும், பிரேக் எண்ணெய் கொதிநிலையைத் தொட்டுவிட்டால் லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுவதுதான் சரி.

வெயிலில் இருந்து மறுபடி மரநிழலுக்குள் நுழையும் இடமும் மோசமானது. கண் இருட்டுக்குப் பழகும் முன்பே முதல் வேர் வந்துவிடும். வேகத்தை வெளிச்சத்திலேயே குறையுங்கள், நிழலுக்குள் போன பிறகு அல்ல. கறுப்புக் கண்ணாடி வேண்டாம். வேர் ஈரமாக இருந்தால் அதைக் குறுக்காக, செங்கோணத்தில், பிரேக் பிடிக்காமல் தாண்டுங்கள்.

சரி, விழுந்துவிட்டீர்கள். எனக்கு ரொம்பக் கவலை தருவது மணிக்கட்டுதான். விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவோம். கட்டைவிரல் பக்கம் முந்திரிப்பருப்பு போல வளைந்த ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, ஸ்கேஃபாய்டு என்று பெயர். அது உடைந்தாலும் வீக்கம் பெரிதாக இருக்காது, விரல்கள் அசையும், முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். 'சுளுக்குதான்' என்று தைலம் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்தில் இருந்து உள்ளே போகிறது. நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் எட்டாமல், எலும்பு கூடாமலே போய்விடலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மாவுக்கட்டோடு முடிந்திருக்கக்கூடியவருக்கு அறுவை சிகிச்சை தேவை என்று சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கட்டைவிரலை மேலே தூக்கிப் பாருங்கள், அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் மணிக்கட்டை அசையாமல் கட்டிவைத்து, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும், அல்லது எம்ஆர்ஐ பார்க்க வேண்டும்.

ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியிருந்தால் தோலில் சின்னச் சிராய்ப்பு மட்டுமே தெரியும், உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். சில மணி நேரம் கழித்து வயிறு வலி கூடினாலோ, தோள்பட்டை காரணமில்லாமல் வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தலையில் அடிபட்டவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, வாந்தி எடுத்தாலோ அவரை மறுபடி சைக்கிளில் ஏற்றாதீர்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதன் வேலை முடிந்தது, மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, குளிர். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஏறும்போது தெரியாது. வியர்வையில் நனைந்த சட்டையோடு காலை முறித்துக்கொண்டு திறந்த புல்வெளியில் காற்றில் கிடப்பவருக்கு அரை மணி நேரத்தில் உடம்பு உதறத் தொடங்கிவிடும். காற்றுப் புகாத மேல்சட்டை ஒன்றும் விசில் ஒன்றும் பையில் எப்போதும் இருக்கட்டும். போனில் சிக்னல் இல்லாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுங்கள், மலைகளில் உதவி கேட்கும் முறை இது. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஒலி வந்தால் யாரோ உங்களைக் கேட்டுவிட்டார்கள். அப்போதும் நிறுத்தாதீர்கள், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர்கள் உங்களிடம் வந்து சேர வேண்டும்.