சின்ன போட்டுதானுங்களே!

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நீலகிரியில் இருக்கும் என் பட்டறை வாசலில் ஒரு ஜீப். பின்னால் டிரெய்லரில் பன்னிரண்டு அடி ஃபைபர் போட். பிரேக் லைனர் கருகிய வாடை கேட்டைத் திறக்கும் முன்பே வந்துவிட்டது. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கிறது. இந்த சீசனில் இது மூன்றாவது.

“சின்ன போட்டுதானுங்களேண்ணா!”

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சரி, கணக்குப் போடுவோம். போட் 120 கிலோ. மோட்டார் 40. பேட்டரி, பெட்ரோல் கேன், வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு 80. டிரெய்லரே 150 இருக்கும். 400 கிலோவுக்குப் பக்கம், அதாவது ஆறு பேர். ஆறு பேரை ஏற்றினால் பார்த்துப் பதமாக ஓட்டுவீர்கள். அதே ஆறு பேர் பின்னால் கொக்கியில் தொங்கினால் மட்டும் கண்ணுக்குத் தெரியாதா? வண்டிக்குள் உட்கார்ந்தவருக்காவது பயம் இருக்கும், போட்டுக்கு அது கிடையாது. இந்தச் சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் இல்லை. அது தள்ளுகிற தள்ளு முழுக்க உங்கள் ஜீப்பின் லைனர் தலையில்தான் விழுகிறது.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள் என்று லாரிக்காரர்கள் சும்மா சொல்லவில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை, லைனருக்குப் பில் மட்டும் போடுகிறேன்.

சாமானை அடுக்குவதிலும் கவனம் வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் உட்கார வேண்டும். ஐஸ் பெட்டியைப் பின்னால் தள்ளிவிட்டால் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை வெட்டி ஒடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், மெதுவாக வேகம் குறையட்டும். கொக்கிக்குக் கீழே இரண்டு செயினையும் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் தாங்குவது அவைதான்.

அப்புறம் தண்ணீர்க்கரை. இரண்டு மணி நேரம் மலையேறி வந்த டிரெய்லரின் ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரக் குடம், தொட்டால் சுடும். அதை அப்படியே குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கினால், உள்ளே விரிந்திருந்த காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அன்று நான் திறந்து பார்த்த ஹப்பில் கிரீஸ் தயிர் மாதிரி வெளுத்திருந்தது. பேரிங் துருப்பிடித்து, விரலால் சுழற்றினால் மணல் அரைக்கிற சத்தம். ஹப்பில் உள்ளங்கையைப் பத்து எண்ணும் வரை வைக்க முடிகிறதா? முடிந்தால் இறக்குங்கள். முடியாவிட்டால் ஒரு டீ குடியுங்கள்.

நம் மலை அணைகளில் சிமெண்ட் சரிவு எல்லா இடத்திலும் கிடையாது. தண்ணீர் வற்றினால் வண்டல்தான். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டேன் என்பார்கள். ஐயா, ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை, பின் சக்கரம் நிற்பது சேற்றில்! பின்புறமாக இறங்கும்போது முதலில் வழுக்குவதும் அதுதான். சக்கரங்களுக்குக் கீழே கல்லோ கட்டையோ கொடுக்காமல் யாரும் இறங்காதீர்கள். டிரைவர் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காரட்டும்.

போட்டைக் கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்தபின் அவிழுங்கள். மேட்டிலேயே அவிழ்த்த ஒருவரின் போட் சரசரவென்று இறங்கிக் கல்லில் மோதி, அடிவயிறு கிழிந்து என்னிடம் வந்தது. நல்லவேளை, பின்னால் நின்ற பையன் ஒதுங்கிவிட்டான். போட்டை டிரெய்லரில் இழுத்து ஏற்றும் வின்ச்சின் கைப்பிடியைச் சுழலவிட்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டவர் வேறு ஆள். தயவுசெய்து, குழந்தைகளை அந்தச் சரிவுக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

தை மாத விடியலில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கீழேயிருந்து வருபவர்களுக்குச் சொல்கிறேன். விழுந்த முதல் நிமிடம் மூச்சு வாங்கும், நீச்சல் தெரிந்தாலும் வாங்கும். லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கடியில் வைக்காமல் உடம்பில் போடுங்கள். 1939இல் இலங்கையிலிருந்து இங்கே வந்த கண்ணாடிக் கெண்டை எங்கேயும் போய்விடாது, இன்னும் பத்து நிமிடம் காத்திருக்கும்.

கீழே நன்றாக ஓடிய மோட்டார் மேலே வந்து இருமினால் பயப்படாதீர்கள், இந்த உயரத்தில் காற்று மெலிது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் குதறாமல் என்னிடம் கொண்டுவாருங்கள். போட்டின் அடித்துளை அடைப்பானை மட்டும் இன்றைக்கே வண்டிச் சாவியோடு கட்டி வையுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.